நடையும் எடையும்

அதிகாலை வேளையில் கடற்கரைப் பக்கமோ ஊர் மைதானத்துப் பக்கமோ சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். நடுவயது கடந்த ஆடவரும் பெண்டிரும் கைகளை வீசி விரைந்து நடந்துகொண்டிருப்பர். சிலர் மெல்ல ஓடிக்கொண்டிருப்பர். இந்தப் பிரயாசை எதற்கு என்று கேட்டால், பெரும்பாலோர் உடம்பைக் குறைப்பதற்கே என்று விடை தருவர். ஒரு மாதம் கழிந்தபின் அதே இடத்துக்குச் சென்று பாருங்கள். அவர்களுள் ஒரு பகுதியினரை அங்கே காணமுடியாது. நாள் தவறாமல் நடந்தார்கள், தராசில் ஏறி நின்றார்கள், முள் அசையவில்லை, இதனாற் பயனில்லை என்று வீட்டிலே இருந்துவிட்டார்கள்.

அவர்கள் விட்டது சரிதானா? இருதயத்தையும் சுவாசப்பைகளையும் விரைந்து தொழிற்படச் செய்யும் நடை, ஓட்டம், நீச்சல், துவிச்சக்கரவண்டி ஓட்டல் முதலிய பயிற்சிகள் உடலின் எடையைக் குறைக்கின்றனவா, இல்லையா? இவ்வினாவுக்கு வைத்தியர்கள் இன்று விடை கூறுவார்கள். ஆயினும் அவ்விடை ஒரு நாளிற் கிடைத்ததன்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பல தேசத்து அறிஞர்கள் தேடிச் சேர்த்த விடை அது. அந்த வரலாற்றை அறிந்தவர், தராசின் முள்ளைப் பார்த்து மனம் தளரமாட்டார் என்பதே இன்று நான் சொல்லவந்த செய்தி.

உழைப்புக்கும் உடலின் செலவுக்கும் உள்ள தொடர்பை அளந்து காட்டிய முன்னோடி, பிரான்சு தேசத்து இரசாயன அறிஞர் லவாசியே. 1780களின் தொடக்கத்தில் அவரும் கணித மேதையாகிய லப்பிளாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துள் வைத்தனர். அதன் உடற்சூட்டினால் உருகிய பனிக்கட்டி எவ்வளவு, அது வெளிவிட்ட காபனீரொட்சைட்டு எவ்வளவு என்று கணக்கெடுத்தனர். சுவாசம் என்பது உடலுள்ளே மெதுவாக நிகழும் ஓர் எரிதலே என்பது அவர்கள் கண்ட முடிபு. சில ஆண்டுகளின் பின், செகென் என்ற அவருடைய உதவியாளர் தம்மையே பரிசோதனைக்கு ஒப்புக்கொடுத்தார். முகமூடி அணிந்து, காலால் மிதிபலகையை இயக்கிக்கொண்டிருந்த அவர் உட்கொண்ட ஒட்சிசன் அளக்கப்பட்டது. சும்மா இருக்கும்போது செலவானதைக் காட்டிலும், உழைக்கும்போது இரண்டு மடங்குக்கு மேற் செலவாயிற்று. நாடித் துடிப்பும் விரைந்தது. அக்காட்சியை லவாசியேயின் மனைவியார் சித்திரமாகத் தீட்டி வைத்துள்ளார்.

நாள் முழுதும் உழைக்கும் ஏழையின் உடலே அதிகம் எரிகின்றது. அவனுக்கோ உணவு குறைவு. உழையாத செல்வரின் உடல் குறைவாகவே எரிகின்றது. அவர்க்கோ உணவு மிகுதி. இம்முரண்பாட்டை லவாசியே தம் ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே எடுத்துக் கூறி வருந்தினார். பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பில், பழைய அரசின் வரிக் குத்தகைக்காரருள் ஒருவராக இருந்த குற்றத்துக்காக, 1794ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி அவருடைய தலை துண்டிக்கப்பட்டது. அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை.

உழைத்தால் உடல் எரியும் என்றால், உழைப்பவர் மெலியத்தானே வேண்டும்? கணக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் எரியும் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பவர்களும் நாமே என்பதை மறந்துவிடலாகாது. இந்த உண்மையைத் தம் சொந்த உடம்பிற் கண்டவர் இலண்டன் மாநகரத்து வில்லியம் பாண்டிங் என்பவர்.

பாண்டிங் பிரேத சேமக் காரியங்களை நடத்துவோர். அரச குடும்பத்து இறுதிச் சடங்குகளையும் பொறுப்பேற்று நடத்திய குடும்பத்தினர். ஐந்து அடி ஐந்து அங்குல உயரமே உள்ள அவர், 1862ஆம் ஆண்டில், தமது அறுபத்தாறாம் வயதில், 202 இறாத்தல் எடை இருந்தார். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்ட அவரால் இயலவில்லை. படியில் இறங்கும்போது, முழங்காலுக்கு நோகாதபடி, பின்புறமாகத் திரும்பி இறங்கினார். இந்த நிலையை அடையும் முன்னரே அவர் பல வழிகளையும் முயன்று பார்த்திருந்தார். அவற்றுள் ஒன்று படகு வலித்தல். ஒரு வைத்திய நண்பர் சொற்படி, அதிகாலையிலே ஆற்றுக்குச் சென்று இரண்டு மணி நேரம் துடுப்பு வலித்தார். தசைநார்கள் வலுப்பெற்றன. அதனோடு பசியும் பெருகிற்று. பசித்த வயிற்றுக்கு உணவிட்டார். எடை முன்னிலும் ஏறிற்று. படகை விட்டுவிடும்படி அதே நண்பரே ஈற்றிற் சொல்லவேண்டியதாயிற்று.

பின்னர் காது மந்தத்துக்கு மருந்து தேடி வில்லியம் ஹார்வி என்ற வைத்தியரிடம் சென்றபோது, அவர் பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கச் சொன்னார். ஓராண்டில் 46 இறாத்தல் குறைந்தது. மகிழ்ச்சி மேலிட்ட பாண்டிங், 1863இல் தம் அனுபவத்தை ஒரு சிறு நூலாக அச்சிட்டு, முதலில் இலவசமாகவே வழங்கினார். அந்நூலின் புகழ் எங்கும் பரவிற்று. உணவைக் குறைத்து மெலிவதைக் குறிக்கச் சுவீடன் நாட்டு மொழியில் இன்றும் வழங்கும் வினைச்சொல் இவர் பெயரிலிருந்து பிறந்ததே.

பாண்டிங் கண்டதை எண்களாற் சொல்வது இப்போது எளிது. ஓர் இறாத்தல் கொழுப்பிலே ஏறத்தாழ 3500 கலோரி அடங்கியுள்ளது. சராசரி உடலுள்ள ஒருவர் ஒரு மைல் நடந்தால் ஏறத்தாழ 100 கலோரி செலவாகும். ஆகவே, ஓர் இறாத்தலைக் கரைக்க முப்பத்தைந்து மைல் நடக்கவேண்டும். நடந்து வந்த களைப்புக்கு ஓர் உழுந்து வடையும் சீனி போட்ட தேநீரும் அருந்தினால், நடந்த மைல்களில் ஒன்றின் செலவு அங்கேயே ஈடாகிவிடும். பிற்காலத்திலே ஆராய்ச்சியாளர் பல சோதனைகளைத் தொகுத்து நோக்கினர். உணவை மாற்றாமல் மிதமான பயிற்சியை மட்டும் மேற்கொண்டவர்கள் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிலான காலத்தில் இழந்த எடை, சராசரியாக ஓரிரண்டு கிலோவே என்று அவர்கள் கண்டனர்.

இத்துடன் வரலாறு முடிந்திருந்தால், நடையைக் கைவிட்டவர்கள் செய்ததே சரி என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின்னர், இலண்டன் மாநகரத்து வீதிகளிலேயே, இவ்வினாவுக்கு மற்றொரு பக்கமும் உண்டென்பது வெளியாயிற்று.

அக்காலத்திலே பிரித்தானியாவில் நடுவயது ஆடவர் பலர் மாரடைப்பினால் திடீரென இறந்துகொண்டிருந்தனர். காரணம் விளங்கவில்லை. மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் சமூக மருத்துவப் பிரிவின் தலைவராயிருந்த ஜெரமி மொறிஸ் என்ற வைத்தியர், மனிதர் செய்யும் தொழிலுக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டோ என்று ஆராயத் தலைப்பட்டார். அவருக்கு வாய்த்த இடம் இலண்டனின் இரட்டைத்தட்டு பஸ் வண்டி. 1958இல் அமைந்த இலங்கைப் போக்குவரத்துச் சபை, இலண்டனில் ஓடிய அத்தகைய பழைய பஸ்களை வாங்கி இங்கே ஓட்டியதை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அவ்வண்டியில் இருவர் தொழில் செய்வர். ஒருவர் சாரதி, மற்றவர் நடத்துநர். இருவரும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவர்கள். ஒரே நகரத்துப் புகையைச் சுவாசிப்பவர்கள். ஒரே நேரத்தில் வேலைக்கு வந்து ஒரே நேரத்தில் வீடு செல்பவர்கள். வேறுபாடு ஒன்றே. சாரதி தம் வேலைநேரத்தில் பெரும்பகுதியும் ஆசனத்தில் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டு வழங்குவதற்காக மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஓயாது ஏறி இறங்குவார். மொறிசின் உதவியாளர்கள் பஸ்ஸிலே ஏறி எண்ணிப் பார்த்தபோது, ஒரு வேலைநாளில் நடத்துநர் ஐந்நூறு முதல் எழுநூற்றைம்பது படிகள் வரை ஏறுவதாகத் தெரிந்தது.

பஸ், ட்ராம், சுரங்க இரயில் ஆகியவற்றிலே தொழில் புரிந்த, 35 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 31,000 ஆடவரின் நோய்க்குறிப்புகளை அவர் ஆராய்ந்தார். முடிவு 1953ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லான்செற் என்ற மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. ஆண்டுதோறும் ஆயிரம் சாரதிகளுக்கு 2.7 பேர் என்ற வீதத்தில் இருதய நாடி நோய் கண்டது. நடத்துநரில் அது 1.9 பேராகவே இருந்தது. நோய் கண்டவர்களுள்ளும் விரைந்து இறந்தோர் சாரதிகளிலேயே அதிகம். பஸ்காரரோடு மொறிஸ் நிறுத்திவிடவில்லை. தபால் இலாகாவிலும் இதே நிலையைக் கண்டார். நடந்தும் துவிச்சக்கரவண்டியிலும் கடிதம் கொண்டுசெல்லும் தபாற்காரரைக் காட்டிலும், மேசை முன் அமர்ந்திருந்த எழுதுவினைஞருக்கும் தொலைபேசி இயக்குவோருக்கும் நோய் மிகுதியாயிருந்தது.

இங்கே அறிவுடையோர் ஒரு தடை எழுப்பினர். பருத்த உடலினர் உட்கார்ந்து செய்யும் தொழிலை நாடியிருக்கலாம், மெலிந்தவர்கள் நடத்துநராகியிருக்கலாம், அவ்வாறாயின் நோய்க்குக் காரணம் தொழிலன்று, உடற்பருமனே அன்றோ என்பது அத்தடை. நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடிச் சென்ற மொறிஸ் குழுவினர் அடைந்த இடம் வைத்தியசாலையன்று, சீருடைக் கணக்கு. இலண்டன் போக்குவரத்துச் சபை தன் ஊழியருக்குச் சீருடை வழங்கி வந்தது. ஒவ்வொருவரின் காற்சட்டைக்கும் இடுப்பளவு குறிக்கப்பட்டிருந்தது. 1956இல் வெளிவந்த அவர்களின் கட்டுரை இவ்வளவுகளை ஆதாரமாகக் கொண்டது.

தடை எழுப்பியவர் கூற்றில் உண்மை இருந்தது. சாரதிகளின் இடுப்பு, இளம்வயது முதலே, நடத்துநரின் இடுப்பைவிடப் பெரிதாயிருந்தது. ஆனால் அத்துடன் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. மெலிந்த சாரதியை மெலிந்த நடத்துநரோடும், நடுத்தர உடலினரை அவ்வாறானவரோடும், பருத்தவரைப் பருத்தவரோடும் ஒப்பிட்டு நோக்கியபோதும், நடத்துநருக்கே ஆபத்துக் குறைவாயிருந்தது. பருத்த நடத்துநரையும் அவர் ஏறிய படிகள் காத்தன. உடல் மெலிந்தால்தான் பயிற்சியினாற் பயன் உண்டு என்ற எண்ணம் அன்று முதல் ஆட்டங்கண்டது.

அதே 1956ஆம் ஆண்டிலே, இந்தியாவின் மேற்கு வங்காளத்திலிருந்தும் ஒரு செய்தி வந்தது. ஹாவார்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த போசணை அறிஞர் ஜோன் மாயர், தம் இந்திய சகாக்களோடு கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள ஒரு சணல் ஆலையிலே 213 தொழிலாளரின் உணவையும் எடையையும் ஆராய்ந்தார். மூட்டை சுமக்கும் கூலியாள் முதல், மேசையில் எழுதும் எழுதுவினைஞரும் கடையில் உட்கார்ந்திருக்கும் வியாபாரியும் ஈறாகப் பல தரத்தவர் அங்கிருந்தனர். கடினமாக உழைப்பவர் அதிகம் உண்டனர். உழைப்புக்கு ஏற்ப உண்டமையால் அவர்கள் பருக்கவில்லை. மிதமாக உழைப்பவர் அவர்களிற் குறைவாக உண்டனர். அப்படியானால் உட்கார்ந்தே இருப்பவர் எல்லாரிலும் குறைவாக உண்ணவேண்டுமன்றோ? அவ்வாறு நிகழவில்லை. அவர்கள் மிதமாக உழைப்பவரைவிட அதிகமாக உண்டனர், எடையிலும் மிஞ்சினர். உடல் ஓரளவேனும் அசைந்தால்தான் பசி தன் அளவை அறியும் என்று மாயர் கருதினார்.

பாண்டிங் படகு வலித்துப் பசியைப் பெருக்கினார். வங்காளத்து வியாபாரி அசையாதிருந்தும் பசி குறையவில்லை. இவ்விரண்டும் முரண்போலத் தோன்றினும் உண்மையில் முரணல்ல. பயிற்சி பசியை அறவே அடக்கிவிடும் என்று எண்ணுவதும் தவறு. பயிற்சியின்மை பசியைக் குறைக்கும் என்று எண்ணுவதும் தவறு.

இவ்வாராய்ச்சிகள் அறிஞரிடையே நின்றுவிடவில்லை. நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரத்தில் ஓட்டப் பயிற்றுநர் ஆதர் லிடியாட் என்பவர், நடுவயதினரையும் மெல்லோட்டம் ஓடச் செய்தார். 1962ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு சென்ற அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவமன் அதைக் கண்டு வியந்து, தம் நாட்டிலும் பரப்பினார். 1968இல் அமெரிக்க விமானப்படை வைத்தியர் கெனெத் கூப்பர், ஒட்சிசனை மிகுதியாக உட்கொள்ளச் செய்யும் பயிற்சிகளுக்கு ‘ஏரோபிக்ஸ்’ எனப் பெயரிட்டு ஒரு நூல் எழுதினார். உலகெங்கும் மக்கள் ஓடத் தொடங்கினர். ஆனால் இந்தப் பரபரப்பினூடே ஒரு மயக்கமும் புகுந்தது. இருதயத்துக்காகத் தொடங்கிய ஓட்டத்தை, எடைக்காகவே ஓடுவதாகப் பலர் எண்ணலாயினர். வாணிபம் செய்வோர் அவ்வெண்ணத்தை வளர்த்தனர்.

மயக்கத்தைத் தெளிவிக்கப் பிற்காலத்து ஆராய்ச்சிகள் மூன்றைச் சொல்கின்றேன்.

முதலாவது, 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பதிவேடு. குறைந்தது 30 இறாத்தல் எடையை இழந்து, ஓராண்டுக்கேனும் அதை மீளவிடாது காத்தவர்களே அதிற் பதியப்பட்டனர். இவர்களுட் பத்துப் பேரில் ஒன்பது பேர் தவறாது தேகாப்பியாசம் செய்பவர்கள். சராசரி, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அவர்கள் பெரிதும் விரும்பியது நடையே. எடையை இறக்கும் வேலையில் உணவுக்குப் பெரும்பங்கு. இறக்கிய எடை மீண்டும் ஏறாது தடுக்கும் வேலையில் நடைக்குப் பெரும்பங்கு என்பதை இப்பதிவேடு உணர்த்துகின்றது.

இரண்டாவது, நம் அயலிலுள்ள சென்னையிலிருந்து 2006இல் வெளிவந்தது. வைத்திய கலாநிதி அ. இராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் மூன்றாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டிருந்தவரில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நாள்தோறும் நடக்கவும் உணவைத் திருத்திக்கொள்ளவும் அறிவுறுத்தப்பட்டவரில் அது ஏறத்தாழ 39 பேராகக் குறைந்தது. வியப்பு யாதெனில், இவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. தராசை மட்டும் நம்பியிருந்தால், இம்முயற்சி வீண் என்றல்லவா அவர்கள் எண்ணியிருப்பர்! தராசு காணாத நன்மை அவர்களின் இரத்தத்திலே நிகழ்ந்திருந்தது.

மூன்றாவது, ஆபிரிக்காவின் தான்சானியா நாட்டில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களைப் பற்றியது. அவர்களின் ஆடவர் நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடப்பவர்கள். ஹேர்மன் பொன்ற்சர் என்ற அமெரிக்க மானிடவியலாளரும் சகாக்களும் அவர்களின் மொத்தச் செலவை அளந்து 2012இல் வெளியிட்டபோது, உடலின் பருமனைக் கருத்திற் கொண்டு நோக்கின், அது நகரத்தில் அமர்ந்து வாழ்வோரின் செலவிலும் பெரிதும் மாறுபடவில்லை எனத் தெரிந்தது. அதிகம் நடப்பவரின் உடல், வேறு இடங்களிற் சிக்கனம் செய்து தன் வரவுசெலவைச் சரிக்கட்டிக்கொள்கின்றது என்று பொன்ற்சர் கருதுகின்றார். இச்சிக்கனம் எவ்வளவு என்பதில் அறிஞரிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும் நடந்தும் முள் அசையாத புதிருக்கு இதிலே ஒரு விடை கிடைக்கின்றது. அந்த ஹட்சா மக்களிடையே உடற்பருமனும் இருதய நோயும் மிக அரிது என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கவேண்டும்.

நேயர்களே, இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தேட்டத்தின் பயனைச் சுருக்கிக் கூறின் அது இதுவே. எடையைக் குறைக்க விரும்புவோர் முதலிற் பார்க்கவேண்டியது உணவுக் கோப்பையை. குறைத்த எடையைக் காத்துக்கொள்ள விரும்புவோர் நடையைக் கைவிடலாகாது. எடை குறைந்தாலும் குறையாவிட்டாலும், இருதயத்தைக் காக்க விரும்பும் எல்லோரும் நடக்கவே வேண்டும். வாரத்திற்கு 150 நிமிடமேனும் மூச்சுச் சற்று விரைய நடப்பது வளர்ந்தோர்க்கு ஏற்றது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. நாளுக்கு அரை மணித்தியாலமாக, வாரத்தில் ஐந்து நாட்கள் நடந்தால் இக்கணக்கு நிறைந்துவிடும். மார்பில் நோவுள்ளவரும் நெடுங்காலம் அசையாதிருந்தவரும் வைத்தியரைக் கண்டு தொடங்குவது நன்று.

ஜெரமி மொறிஸ் தாம் கண்டதைத் தாமும் கடைப்பிடித்தார். நடுவயது ஆங்கிலேயர் வீதியில் ஓடுவது நகைப்புக்கிடமாக இருந்த அக்காலத்திலேயே, இலண்டனின் ஹாம்ஸ்ரெட் வெளியிலே அவர் ஓடத் தொடங்கினார். முதுமையிலும் உடற்பயிற்சியை விடவில்லை. 2009ஆம் ஆண்டில், நூறு வயதை எட்ட ஓராண்டும் நிறையாத காலத்தில், அவர் காலமானார்.

தராசின் முள்ளைப் பார்த்து வீட்டிலே தங்கிவிட்ட நண்பர் எவரேனும் உங்கள் அயலில் இருந்தால், இலண்டனிலே படியேறிய பருத்த நடத்துநரின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். நாளைக் காலையில் அவரையும் அழைத்துக்கொண்டு நடவுங்கள்.